போட்டோவுக்கு ஒரு பலகை

எட்வின் சார் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அவர் தோளில் ஒரு பலகை இருந்தது. கீழேயிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே மலையேறி வந்திருக்கிறார். பலகையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளில் மேகத்தின் ஈரம் முத்து முத்தாக நின்றது.

அவர் ஓர் அறக்கட்டளையின் களப்பணியாளர். தென்மாவட்டத்துக்காரர். எங்கள் குளிர் இன்னும் அவருக்குப் பழகவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பேசுவார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? உங்க பலகையோட ஒரு போட்டோ வேணும். அப்புறம் இந்தப் புதுசை எடப்புளி நாட்டுல ஒருத்தங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்றார். எங்கள் மலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்து நாடு என்போம்.

இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர்களுக்கான பலகை அது. ஒரு முனையைக் கட்டிலிலும் மறுமுனையைச் சக்கர நாற்காலியிலும் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, கைகளை ஊன்றி நகர்ந்து போகலாம். யாரும் தூக்க வேண்டியதில்லை. பார்க்க ஒன்றுமில்லாத பொருள்தான். அது இல்லாமல் இருந்து பார்த்தால்தான் அருமை தெரியும்.

தாளைப் பிரித்துப் பலகையை என் மடியில் வைத்தார். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினேன். பலாப்பழத் தோல் என்று சொன்னால் மிகை. ஆனால் என் புடவை நூல் இரண்டு இடத்தில் மாட்டி இழுத்தது. ஓரங்களில் பிளைவுட்டின் அடுக்குகள் பல்லிளித்துக்கொண்டிருந்தன. நட்டநடுவில், உட்காரும் இடத்தில், தடிமனான மஞ்சள் பெயின்ட்டில் நன்கொடையாளர் பெயர்.

"இது சொரசொரன்னு இருக்குதுங்களே சார்."

"இருந்தா என்னக்கா? அவங்களுக்கும் உங்கள மாதிரியே இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லையே."

கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, மிகவும் மென்மையாகச் சொன்னார். அதுதான் என்னைப் பற்ற வைத்தது. அப்போது நான் கத்திய வார்த்தைகளைப் பத்திரிகை ஆசிரியர் எப்படியும் அச்சில் விடமாட்டார் என்பதால் நானே விட்டுவிடுகிறேன். கொல்லைப்புறத்தில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கத்தியும் கையுமாக ஓடிவந்தார்.

வலி தெரிகிற ஆளுக்கு மரச் சிலாம்பு குத்தினால் துள்ளி எழுந்துவிடுவார். எனக்குக் குத்தினால் குத்தியபடியே இருக்கும். பாவாடையில் கறை படிந்த பிறகுதான் தெரியும். அப்படியானால் வழவழப்பு யாருக்கு வேண்டும்? உணர்ச்சி இருக்கிறவனுக்கா, எனக்கா? இந்தச் சின்ன விஷயம் ஏன் யார் மண்டையிலும் ஏறவில்லை என்பதுதான் இத்தனை நாளாக என்னைத் தூங்கவிடாத கேள்வி.

ஏணி

நான் விழுந்த கதையை இந்தத் தொடரில் முன்பே விலாவாரியாகச் சொல்லியாயிற்று. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆலத்தூர் நாட்டில் நான் தையல்காரி. ஆனால் மிளகு பழுத்துவிட்டால் எங்கள் ஊரில் தையல்காரி, வாத்தியார் என்றெல்லாம் கிடையாது. எல்லோரும் மரம் ஏற வேண்டியதுதான். மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் உச்சி வரைக்கும் படரும். மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறுவோம். அன்றைக்கு மரத்தில் பாசி. ஏணி வழுக்கியது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தையல் மிஷின் அதே இடத்தில் இருந்தது. மிதிக்கும் பலகையில் என் செருப்புத் தடம்கூட இருந்தது.

அதன்பிறகு நான் கற்றுக்கொண்ட பெரிய வேலை காத்திருப்பது. என் வீட்டுக்காரர் ராசு நல்ல மனிதர். முகம் சுளிக்காமல் தூக்குவார். ஆனால் அவருக்குக் காடு இருக்கிறது, மாடு இருக்கிறது. அவர் மரவள்ளிக் காட்டில் நிற்கும்போது எனக்கு ஒன்றுக்கு வந்தால்? அதனால் தாகம் எடுத்தாலும் அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் தண்ணீர் குடிப்பேன். வாசலில் வெயில் அடிக்கும். எங்கள் ஊரில் வெயில் என்பது விருந்தாளி மாதிரி, நினைத்தபோது வந்து நினைத்தபோது போய்விடும். நான் கட்டிலில் கிடந்தபடி அது போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

'உனக்கு நல்ல புருஷன் வாய்ச்சிருக்கான்' என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நாள் முழுக்க ஒருவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வாழ்ந்து பாருங்கள், தெரியும். எனக்கு அவர்மேலேயே எரிச்சல் வர ஆரம்பித்தது. தூக்குகிற கையைக் கடிக்கலாம்போல இருக்கும்.

பெயரின்மேல் உட்கார்ந்தது

முதல் பலகையை மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து அறக்கட்டளைக்காரர்கள் கொடுத்தார்கள். சந்தை நாள். என்னை ஜீப்பிலிருந்து இறக்குவதைப் பார்க்கப் பாதிச் சந்தை கூடிவிட்டது. மேடையில் சால்வை, கைத்தட்டல், போட்டோ. என் கையில் பலகை.

அதிலும் இதே மஞ்சள் எழுத்து. யாரோ ஒருவருடைய தகப்பனார் நினைவாக. புண்ணியவான், எந்த உலகத்திலிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் பெயரை நான் உட்காரும் இடத்தில்தான் எழுத வேண்டுமா? பெயின்ட் கட்டியாகக் காய்ந்து ஒவ்வொரு எழுத்தும் புடைத்து நின்றது. பலகையில் தூசியைக்கூடத் துடைக்காமல் அதன்மேலேயே வார்னிஷ் அடித்திருந்தார்கள். தூசியெல்லாம் மணல்மணலாக உறைந்துகிடந்தது.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. யாரும் தூக்காமல் நகர முடிகிறதே என்ற சந்தோஷத்தில் அந்த எழுத்துக்களின்மேல் தினமும் போய்வந்தேன்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான் முதலில் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். எது என்றேன். அவர் என் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டுப் பேசினார். எலும்பு தெரிகிற ஆழத்துக்குப் புண்.

அந்த மழைக்காலம் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தேன். தரையைப் பார்த்தபடி. பார்க்க வந்தவர்களின் முகம் தெரியாது, பாதங்கள்தான் தெரியும். யார் யாருக்குப் பித்தவெடிப்பு, யார் சேற்றுக்காலோடு உள்ளே வருகிறார்கள் என்பதெல்லாம் அந்த மழையில் எனக்கு அத்துப்படி. சந்தோஷமாக இருந்தது ஒரே ஒரு நாள்தான். அந்தப் பலகையை அடுப்பில் வைக்கச் சொல்லி, மஞ்சள் பெயின்ட் பொரிகிற சத்தத்தைக் கேட்ட நாள்.

பரணில் போட்ட பலகை

என் தம்பி முருகேசன் நாமக்கல்லில் ஒரு பட்டறையில் இருக்கிறான். சமையலறை அலமாரி, கதவு என்று பிளைவுட்டிலும் ஒட்டுப்பலகையிலும் செய்கிற இடம். அவன் வேலை தேய்ப்பதும் பூச்சு அடிப்பதும். புண் ஆறிய பிறகு நல்ல பிளைவுட்டில் ஒரு பலகை அறுத்து, ஓரங்களை உருட்டி, சீலர் ஒரு கை அடித்துக் கொண்டுவந்தான். சீலர் என்றால் பலகையின் நுண்துளைகளை அடைக்கிற பூச்சு.

"அக்கா, இது நல்லாக் காயட்டும். அடுத்த லீவுக்கு வாரேன். வந்து தேய்ச்சு மேல்பூச்சு அடிச்சுத் தாரேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இங்கே எங்கள் மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர். சும்மா வைத்த மரம் பூசணம் பிடித்து உளுத்துவிடும். அதனால் கொத்துப் பிடியோ கலப்பையோ, புதிதாக எந்த மரம் வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் ஏற்றிவிடுவார்கள். புகை குடித்துக் குடித்து அது இரும்பாகிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. சோறு தின்கிற மாதிரி தானாக வருகிற பழக்கம்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். கண்விழித்துப் பார்த்தால் சுவரில் சாய்த்திருந்த பலகையைக் காணோம்.

"ஏனுங்க, பலகை எங்கீங்க?"

"பரண்ல போட்டிருக்கறேன் புள்ள. பொகை ஏறட்டும். ஆயுசுக்கும் உளுக்காது பாரு" என்றார், பெரிய காரியம் செய்த முகத்தோடு.

இறக்கிப் பார்த்தபோது மேல் ஏடு அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. இளகிய சீலரில் கரியும் சாம்பலும் ஒட்டிக்கொண்டிருந்தன. என் கைக்கு எட்டியது ஒரு சொம்பு. அதை வீசினேன். அவர் தலை தப்பியது, தண்ணீர்க்குடம் தப்பவில்லை.

"எனக்கென்ன புள்ள தெரியும்? மரம்னா மரம்தான்னு நெனச்சேன்" என்று உடைந்த குடத்துச் சில்லுகளைப் பொறுக்கினார்.

போனில் முருகேசன் தலையில் அடித்துக்கொண்டது இங்கே வரைக்கும் கேட்டது. "மாமா, அது மரமில்லீங்க மாமா! சீவுன ஏட்டை ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பசை போட்டு அமுக்குனது. சூடு பட்டாப் பசை உட்டுருமுங்க!"

அவர்மேல் இருந்த கோபம் அடுத்த வேளைச் சோற்றோடு போய்விட்டது. பாவம், எனக்காகத்தான் செய்தார். ஆனால் இன்னொரு கோபம் இன்னும் போகவில்லை. என் பலகையை அவர் கை எட்டுகிற உயரத்தில், என் கை எட்டாத உயரத்தில் வைத்தார். அது எங்கே இருக்க வேண்டும் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அறக்கட்டளைக்கும் தோன்றவில்லை, கட்டிய புருஷனுக்கும் தோன்றவில்லை.

"அடுத்த பலகையை யாரும் தொடக்கூடாது. அறுத்து மட்டும் அனுப்புடா. மத்ததை நானே பண்ணிக்கறேன்" என்று தம்பியிடம் சொன்னேன்.

கன்னம் வைத்துப் பார்த்தேன்

ஃபேக்டரியில் அழுத்தி வந்த பலகை பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஏமாந்துவிடக் கூடாது. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் அதன் சுயரூபம் தெரியும். படுத்திருந்த நாரெல்லாம் கன்னத்து ரோமம் மாதிரி எழுந்து நிற்கும். அப்படி நின்ற பிறகுதான் உப்புத்தாளால் தேய்த்து நாரை அறுக்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைஸ், பிறகு அதைவிட நைஸ். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

ஓரங்கள்தான் பெரும்பாடு. அடுக்குகளின் வெட்டுவாய் தெரிகிற இடம், சீலரைக் குடித்துக்கொண்டே இருக்கும். புட்டி மாவு வைத்து அடைத்து, தேய்த்து, மறுபடி அடைத்து, மறுபடி தேய்க்க வேண்டும்.

மேகம் இறங்கிய நாளில் சீலர் அடித்தேன். பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. முருகேசனுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"அக்கா, மேகத்தைப் பார்த்துக் கத்துங்க, என்னைய ஏன் கத்தறீங்க? வெயில் நாளாப் பார்த்து அடிங்க" என்றான்.

வெயிலுக்குக் காத்திருந்தேன். காத்திருப்பதில்தான் நான் கைதேர்ந்தவள் ஆயிற்றே.

செல்போன் டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்தாற்போல் பிடித்தால் சின்ன மேடுகூட நிழல் காட்டும். நைலான் புடவைத் தலைப்பைப் போட்டு இழுத்துப் பார்ப்பேன், அது என் தையல் புத்தி. எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. உள்ளங்கை போதாது, ஊசியும் கத்திரியும் பிடித்துக் காய்த்துப்போன கை அது. கடைசியாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உடம்பில் உணர்ச்சி மிச்சமிருக்கிற இடங்களை வைத்துத்தானே, இல்லாத இடத்தைக் காப்பாற்ற வேண்டும்?

கன்னம் சரி என்று சொன்ன பிறகு மேல்பூச்சு அடித்தேன்.

ஒரு பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்தப் பலகையில் உட்கார்ந்து நாற்காலிக்கு நகர்ந்தேன். சத்தமே இல்லை. துணிகூட இழுபடவில்லை. சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெயில் அப்போதுதான் வந்திருந்தது.

வீட்டுக்காரர் புல்லுக்கட்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"யாரு தூக்கி வச்சாங்க?"

"யாரும் தூக்கலீங்க."

புல்லுக்கட்டை இறக்காமல் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். 

மறுபடியும் எட்வின் சார்

அந்த மூன்றாவது பலகையைத்தான், தாங்கள் கொடுத்தது என்று நினைத்து, எட்வின் சார் போட்டோ எடுக்க வந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு எங்கக்கா?"

"உங்க பலகை அடுப்புல எரிஞ்சு வெகுநாளாச்சுங்க."

கத்தி முடித்திருந்த நான் அப்போது நியாயம் பேசுகிற நிலைக்கு வந்திருந்தேன். புண் வந்த கதையைச் சொன்னேன். கேட்டார். வருத்தப்பட்டார். பிறகு, "பேரு எழுதலேன்னா அடுத்த தடவை பலகையே வராதுக்கா. நான் என்ன செய்ய?" என்றார். பொய் சொல்லவில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

"இதை இங்கயே வச்சுட்டுப் போங்க. நான் தேய்ச்சுத் தாரேன்."

"எத்தனை நாளாகும்?"

"வெயில் வரோணுமுங்க."

"எடப்புளி நாட்டு செல்லம்மா மழைக்கு முன்னாடியிருந்து இந்தப் பலகையைக் கேட்டுட்டு இருக்காங்கக்கா. அவங்க மாமியார்தான் தூக்குறாங்க. அந்தம்மாவுக்கே இடுப்பு சரியில்ல. நேத்துகூட ரெண்டு பேருமா விழுந்திருக்காங்க."

சொரசொரப்பான பலகையைக் கொடுத்தால் புண். கொடுக்காவிட்டால், அந்தப் பெண் தண்ணீர் குடிக்காமல் கிடப்பாள். இரண்டும் எனக்குத் தெரிந்த நரகம்தான்.

என் பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன். "இதைக் கொண்டுபோய்க் குடுங்க."

அவர் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "இதுல பேரில்லையேக்கா. போட்டோ அனுப்பணுமே."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "போட்டோவுக்கு அந்தப் பலகையைப் புடிக்கச் சொல்லுங்க. உக்கார்றதுக்கு இதைக் குடுங்க. திரும்பி வாரப்ப அதை இங்க போட்டுட்டுப் போங்க."

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். "சூப்பர் ஐடியாக்கா!" என்றார். இரண்டு பலகைகளையும் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பொழுது சாயத் திரும்பி வந்து, மஞ்சள் எழுத்துப் பலகையை இறக்கி வைத்துவிட்டு, போனில் படத்தைக் காட்டினார். செல்லம்மா சின்ன வயதுக்காரி. மஞ்சள் எழுத்து தெரியும்படி பலகையை நெஞ்சோடு பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பலகை அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. படத்தில் அதன் ஓரம் மட்டும்தான் விழுந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு 'எவ்வளவு பெரிய மனசு' என்று யாரும் சொல்ல வர வேண்டாம். மனசெல்லாம் பெரிதில்லை. எனக்கு வந்த புண் இன்னொருத்திக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. அவ்வளவுதான்.

"உன்னுதக் குடுத்துட்டு நீ என்ன புள்ள பண்ணுவ?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க தூக்குவீங்க."

"நான் தூக்குவேன். நீதான் சண்டைக்கு வருவ."

வந்தேன். தினமும் சண்டைக்கு வந்தேன். மேகம் விடவே இல்லை. சீலர் அடிக்க வழியில்லாததால் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தேன். பெயின்ட் அவ்வளவு கட்டி, தாள் தாளாகத் தின்றது. மஞ்சள் தூள் மடியில் விழுந்தது எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்துத் தட்டிவிட்டேன்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

"அக்கா, நான் செல்லம்மா பேசறனுங்க. எடப்புளி நாட்டுல இருந்து."

"சொல்லு கண்ணு. எங்க, கட்டல்லயா இருக்கற?"

"இல்லீங்க. வாசல்ல இருக்கறனுங்க."

"யாரு தூக்கி வச்சாங்க?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு சேவல் கூவியது.

"யாரும் தூக்கலீங்கக்கா" என்றாள்.

வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் காட்டிலிருந்து இன்னும் வரவில்லை. சொம்பு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தாகமாகத்தான் இருந்தது. குடிக்காமல், தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு மிச்சமிருந்த பெயரைத் தேய்த்தேன்.